மூன்றாம் வரிக்குக் கீழே

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். நோயாளிகள், நோயாளிகளின் உறவினர், மருந்து விற்பவர், மருந்துப் பெட்டியை ஏற்றி இறக்குபவர் என்று அத்தனை பேரும் ஒரே கைபேசிக் குழுவில் இருந்தார்கள். "இந்த மருந்து எங்கே கிடைக்கும்?" என்னும் ஒற்றைக் கேள்விக்கு விடை காணவே நான்கு ஆண்டுகளுக்கு முன் பொது மருத்துவமனையின் மருந்தாளுநர் அந்தக் குழுவைத் தொடங்கினாள். ஒருவர் கேட்பார், தெரிந்தவர் சொல்வார், கேட்டவர் நன்றி கூறிவிட்டுக் கடைக்கு ஓடுவார். அந்த எளிய நோக்கத்துக்குக் கேடு வந்தது தேர்தல் என்னும் பெயரில்.

நாட்டில் கட்சிகள் இரண்டு. ஒன்றின் சின்னம் பூட்டு. மற்றதன் சின்னம் துடுப்பு. பூட்டு ஆண்டால் துடுப்பு ஏசும். துடுப்பு ஆண்டால் பூட்டு ஏசும். ஆள்வோரும் ஏசுவோரும் இடம் மாறுவார்களே தவிர, மக்கள் வரிசையில் நிற்பது மட்டும் மாறாது. இப்போது பூட்டின் ஆட்சி. வாக்குப் பதிவுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. "காய்ச்சல் மருந்து எங்கே கிடைக்கும்?" என்று ஒரு தாய் கேட்டால், "காய்ச்சலே உங்கள் ஆட்சியில்தானே வந்தது!" என்று ஒருவர் எழுதுவார். "முதலில் உங்கள் தலைவருக்கு ஊசி போடுங்கள்!" என்று இன்னொருவர் பாய்வார். இருவரும் அடித்துக்கொண்டு ஓய்வதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் தானாகவே இறங்கியிருக்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மருந்தாளுநர், நெறியாளர் என்ற முறையில் விதி ஒன்றை வகுத்தாள். கட்சி பேசும் பதிவை அவள் நீக்கலாம். ஆனால் பூட்டுக்காரர் பதிவொன்றை நீக்கினால், அன்று பொழுது சாய்வதற்குள் துடுப்புக்காரர் பதிவொன்றும் போயாக வேண்டும்; துடுப்புக்காரருடையதை நீக்கினாலும் அப்படியே. இரு தரப்பும் கைதூக்கி ஏற்ற ஒரே விதி அதுதான். தராசு விதி என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். தராசின் தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்க்கத்தான் அத்தனை பேருக்கும் ஆவல். தட்டில் கிடப்பது என்ன என்று எட்டிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

அவளுக்கும் இல்லை.

திங்கட்கிழமை காலை பத்தரை மணி. மருந்தகத்தின் மூன்றாம் சாளரத்துக்கு வெளியே வரிசை, படிக்கட்டைத் தாண்டி வண்டி நிறுத்துமிடம்வரை நீண்டு கிடந்தது. ஒரு நோயாளி போய் அடுத்தவர் சீட்டை நீட்டும் இடைவெளியில் அவள் கைபேசியைப் பார்த்தாள். நீண்ட பதிவு எதுவானாலும் முதல் மூன்று வரிதான் திரையில் தெரியும். மிச்சத்தைக் காண "மேலும் வாசிக்க" என்ற சிறிய எழுத்தைத் தொட வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டது அரசு மருந்துக் கிடங்கின் காப்பாளர் இட்ட பதிவு. முத்திரை விழாத தாளைக் கையாலும் தொடமாட்டார் என்பதால் அவருக்கு ஊரார் வைத்த பெயரே 'முத்திரை'. பூட்டுக் கட்சியின் பக்தர். மேலே பூட்டின் படம் பளபளத்தது. அதன் கீழே, "மக்கள் காவலரின் மாண்புமிகு ஆட்சியில், ஏழையின் நோய் தீர்க்கும் இதயத் தலைவரின் இணையற்ற வழிகாட்டுதலில்..." என்று மூன்று வரி முழங்கியது. அவள் பெருமூச்சு விட்டாள். நீக்கினாள்.

நண்பகலில் இரண்டாவது பதிவு வந்தது. எழுதியவர் கிடங்குச் சாலையில் சுமை இறக்கும் தொழிலாளி. பேசினால் தெருமுனைவரை கேட்கும் குரலுக்காக அவருக்குக் கிடைத்த பட்டம் 'பீரங்கி'. துடுப்புக் கட்சிக்காக உயிரையும் கொடுப்பார். அதற்கு முன் எதிராளியின் உயிரை வாங்குவார். "அயோக்கியர் ஆட்சியின் அழகைப் பாரீர்! பூட்டுச் சின்னம் வைத்தவன் புத்தியையும் சேர்த்தே பூட்டிவிட்டான்! திருடனுக்குச் சாவி எதற்கு?" என்று மூன்று வரி குண்டு மழை. அதையும் நீக்கினாள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசித்து முடித்தவரின் நிம்மதியோடு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

அடுத்த நிமிடமே திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி தோன்றியது: பீரங்கி குழுவிலிருந்து வெளியேறினார்.

"போகட்டும், சனியன் விட்டது" என்று முணுமுணுத்தாள்.

அன்று மாலை அடுக்களை அலமாரியிலிருந்து மகளின் மருந்து டப்பாவை எடுத்தாள்; கையில் அது இலேசாக இருந்தது. பத்து வயது மகளுக்கு வலிப்பு நோய். காலையும் இரவும் ஒரு மாத்திரை. ஒரு வேளையும் தவறக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. பதினான்கு மாதங்களுக்கு முன் இரண்டு வேளை தவறியதற்கே பள்ளி மாடிப்படியில் விழுந்து முன்பல் உடைந்தது. அதன் பின் வலிப்பு ஒருமுறையும் வரவில்லை. அந்தப் பதினான்கு மாத அமைதி அந்த டப்பாவுக்குள்தான் இருந்தது.

அன்றிரவுக்கு ஒன்றை எடுத்துவிட்டு மீதியை எண்ணினாள். "ஏங்க, எட்டுதான் இருக்கு."

பேருந்து ஓட்டிக் களைத்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். "அப்ப வெள்ளிக்கிழமையோட சரியா?"

"வெள்ளி ராத்திரியோட சரி. எங்க மருந்தகத்துல தீர்ந்து பதினாறு நாளாச்சு. கடைக்காரங்க எல்லாம் கம்பெனியே அனுப்பலைங்கிறாங்க."

"ஊருக்கே மருந்து குடுக்கிறவ நீ. ஆத்தோட போறவளுக்கு அள்ளிக் குடிக்கத் தண்ணி இல்லங்கிற கதையால்ல இருக்கு? கிடங்குல கேட்டியா?"

"முன்னாடி வாரா வாரம் இருப்புப் பட்டியல் அனுப்புவாங்க. புதுக் கம்ப்யூட்டர் வந்ததுல இருந்து அது நின்னுபோச்சு. போன் பண்ணா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. இப்ப எல்லாமே நம்ம குரூப்லதான்."

"அப்ப குரூப்லயே கேளு. அறுநூறு பேர் இருக்காங்க. ஒருத்தருக்காவது தெரியாமலா போகும்?"

செவ்வாய்க்கிழமை காலை கேட்டாள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எழுதினாள்: "வலிப்பு மாத்திரை எங்கேனும் கிடைக்கிறதா? மருத்துவமனை மருந்தகத்தில் இல்லை. என் மகளுக்கு வெள்ளி வரைதான் இருக்கிறது. எங்களிடம் பதிந்த வேறு பதினொரு பேருக்கும் தேவை."

கால்மணி நேரத்தில் நாற்பத்தொரு விடை. ஆவலோடு திறந்தாள்.

"மருத்துவமனையிலேயே மருந்து இல்லை. இதுதான் பூட்டு ஆட்சி."

"உங்கள் துடுப்பு ஆண்டபோது மருத்துவமனையே இல்லை."

"கட்டடம் கட்டியது யார்?"

"அடிக்கல் நாட்டியது யார்?"

"கல் நாட்டிவிட்டுச் சிமெண்டைத் தின்றது யார்?"

எவரோ ஒரு தலைவரின் சிரித்த முகத்தைப் போட்டார். எவரோ அதே முகத்துக்குக் கழுதைக் காது வைத்துத் திருப்பிப் போட்டார். ஒருவர் மட்டும் "பிரார்த்திக்கிறேன் அம்மா" என்று எழுதினார். நீங்கள் யாரிடம் பிரார்த்திக்கிறீர்கள் என்று அவரையும் வம்புக்கு இழுத்தார்கள். நூற்று முப்பது பதிவு ஓடியது. மாத்திரை என்ற சொல் இரண்டாம் பதிவோடு மறைந்துபோயிற்று. என்ன மக்கள் இவர்கள்! தீப்பிடித்த வீட்டின் முன் நின்று, தீக்குச்சி எந்தக் கடையில் வாங்கியது என்று வழக்காடும் மக்கள்! வாளியைத் தூக்க ஒரு கை இல்லை. விரலை நீட்ட ஆயிரம் கை!

பிற்பகலில் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் வந்தார். எக்கட்சியும் சாராதவர் என்று தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டவர். கமா, முற்றுப்புள்ளி பிசகாமல் எழுதுவார்.

"நெறியாளர் அவர்களுக்கு வணக்கம். 'மருத்துவமனை மருந்தகத்தில் இல்லை' என்ற தங்கள் வாசகம், ஆட்சியின் மீதான மறைமுக விமர்சனமாகும். ஆகவே அது கட்சிப் பதிவு. இன்று காலை பூட்டுக்காரர் பதிவொன்று நீக்கப்பட்டும், துடுப்புக்காரர் பதிவு எதுவும் நீக்கப்படாத நிலையில், தராசு விதிப்படி தங்கள் பதிவே நீக்கத்துக்கு உரியது. நீதி தன் வீட்டிலிருந்து தொடங்கட்டும்."

அறுபத்தெட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். பூட்டுக்காரரும் உயர்த்தினார்கள், துடுப்புக்காரரும் உயர்த்தினார்கள். தராசு விதியை ஏற்ற நாளுக்குப் பின் இரு தரப்பும் ஒன்றுபட்டது அந்த ஒரு தருணத்தில்தான்.

அவள் முகம் சிவந்தது. விளக்கம் எழுதினாள், அழித்தாள். மீண்டும் எழுதினாள்; அழித்தாள். தன் குழந்தை என்றதும் சட்டத்தை வளைத்தாள் என்று நாளை ஒரு நாக்கு சொல்லிவிடலாகாதே! நான்கு ஆண்டு காத்த நடுநிலை நான்கு வரியில் நாறிவிடலாகாதே! பல்லைக் கடித்துக்கொண்டு, தன் மகளுக்கான கோரிக்கையைத் தன் கையாலேயே நீக்கினாள்.

வீட்டில் இதைக் கேட்ட கணவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே! எவனோ ஒரு கிழவன் சொன்னான்னா?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"விதியாம் விதி. புள்ளைக்கு ஃபிட்ஸ் வந்தா அந்த அறுபத்தெட்டு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக்கிட்டு வருவாங்களா?"

அவள் அலமாரியைத் திறந்தாள். உள்ளறையில் மகள் பாடப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். டப்பாவில் ஏழு இருந்தது. இரவு ஒன்று போனதும் ஆறு.

புதன்கிழமை காலை மூன்றாம் சாளரத்தில் ஒரு பெண் இரத்த அழுத்தச் சீட்டை நீட்டினாள். மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டும் அவள் நகரவில்லை. பீரங்கியின் மனைவி அவள்.

"அட்மின் அம்மா நீங்கதானே? எங்க வீட்டுக்காரர் போட்டதை அழிச்சுப்புட்டு, மறுநாளே மாத்திரை எங்கன்னு கேட்டீங்களாமே?"

"அக்கா, அவர் கட்சிச் சண்டை போட்டிருந்தாரு. பின்னாடி ஆள் நிக்குது, கொஞ்சம் வழி விடுங்க."

"சண்டையும்தான் போட்டாரு. ஆனா மாத்திரை எங்க இருக்குன்னும் அதுலதானே எழுதியிருந்தாரு? என்கிட்ட படிச்சுக் காட்டிட்டுத்தான் போட்டாரு. நான்கூடச் சொன்னேன், ஏன்யா, நல்ல சேதியை முதல்ல சொல்லித் தொலையக் கூடாதான்னு. என் பேச்சை அந்த மனுசன் என்னைக்குக் கேட்டாரு?"

மருந்தாளுநர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். பக்கத்துச் சாளரத்துத் தோழியிடம் வரிசையை ஒப்படைத்துவிட்டு, அச்சிட்ட தேவைப் பட்டியல் படிவத்தில் தலைமை மருந்தாளுநரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொண்டு மருத்துவமனை வண்டியில் புறப்பட்டாள்.

கிடங்குச் சாலையில் லாரிகள் முதுகைக் காட்டி நின்றன. உணவு இடைவேளை. பீரங்கி ஒரு கைவண்டியின்மேல் அமர்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா தங்கச்சி! என்ன, ஆளையும் டெலிட் பண்ண நேர்லயே வந்துட்டியா?"

"அண்ணே, கேலி பண்ற நேரம் இல்ல. திங்கட்கிழமை என்ன எழுதினீங்க?"

"நீ படிக்கலையா?"

"மூணு வரி படிச்சேன்."

"மூணு வரி படிச்சியா!" லாரிக்கு அடியில் உறங்கிய நாய் எழுந்து ஓடியது. "இருபத்திரண்டு வரிம்மா! ஒரு மணி நேரம் ஒத்தை விரல்ல குத்திக் குத்தி எழுதினேன்!"

கைபேசியை நீட்டினார். நகல் எடுத்து வைத்திருந்த பதிவு அது. ஆட்சிக்குப் பதினெட்டு வரி அர்ச்சனை. கடைசி நான்கு வரி இப்படி இருந்தது: "வெள்ளிக்கிழமை வலிப்பு மாத்திரை நாற்பது பெட்டி என் முதுகில் சுமந்து கிடங்கில் இறக்கினேன். மூன்று நாளாகியும் ஒரு பெட்டியும் வெளியே போகவில்லை. வேட்பாளர் வந்து நாடா வெட்டுவதற்காகப் பதுக்கி வைத்திருக்கிறார்கள். நோயாளிகளே, போய்க் கேளுங்கள்!"

அவள் கண்ணில் நீர் முட்டியது. சினமா, வெட்கமா என்று அவளுக்கே புலப்படவில்லை.

"ஏண்ணே, இந்த நாலு வரியை முதல்ல எழுதியிருந்தா என்ன?"

"முதல்ல சூடு வரணும்மா. சூடு இல்லாம எனக்கு எழுத்தே வராது."

"சரி, வாங்க. எந்த இடத்துல இறக்கினீங்கன்னு காட்டுங்க."

கிடங்கின் அலுவலறை மூன்று கட்டடம் தள்ளி இருந்தது. இரும்பு மேசை, மைத்திண்டு, வரிசையாக ஏழு ரப்பர் முத்திரை. முத்திரையார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மருந்தாளுநரைக் கண்டதும் ஒரு சுளிப்பு. பின்னால் வந்த பீரங்கியைக் கண்டதும் இரண்டு.

"சார், வலிப்பு மாத்திரை இருக்கா?" என்றாள் அவள்.

"இருக்கு."

"எவ்வளவு?"

"நாற்பது பெட்டி."

"பார்த்தியா தங்கச்சி! ஒத்துக்கிட்டான் பாரு!" என்று பீரங்கி வெடித்தார். "நாடா வெட்டத்தானே வச்சிருக்கே? கத்தரிக்கோல் வாங்கியாச்சா?"

"யோவ், வாயை அளந்து பேசு. நாடாவாவது, வெங்காயமாவது! இண்டென்ட் வந்தா குடுப்பேன். வரலை, குடுக்கலை. தேவைப் பட்டியல் இல்லாம பஞ்சுகூட வெளிய போகாது."

"சரக்கு வந்ததே தெரியாம யார் சார் இண்டென்ட் போடுவாங்க?" என்றாள் அவள். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

முத்திரையார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குரலில் நெடுநாள் மனத்தாங்கல்.

"ஒரு வார்த்தையா? மேலிடத்துல கையெழுத்து வாங்கி இருப்புப் பட்டியல் அனுப்ப பத்து நாளாகும், நோயாளி தாங்க மாட்டான்னுதான் திங்கக்கிழமை காலையில பத்து இருபத்தெட்டுக்குக் குரூப்ல போட்டேன். பத்து முப்பத்தொண்ணுக்கு நீங்க தூக்கிட்டீங்க. நேத்து நீங்களே கேட்டீங்க, பார்த்தேன். ஒருதடவை சொல்லி அவமானப்பட்டாச்சு, மறுபடியும் சொல்லணுமான்னு இருந்தது. சரி, புள்ளை விஷயம்னு எழுத எடுத்தேன். அதுக்குள்ள உங்க பதிவையே காணோம். கிடைச்சுட்டுதாக்கும்னு விட்டுட்டேன்."

அவரும் பதிவின் நகல் இருந்த கைபேசியை நீட்டினார். பூட்டின் படம், தலைவர் புகழ், ஆட்சியின் அருமை. பன்னிரண்டாம் வரியில்: "வலிப்பு மாத்திரை நாற்பது பெட்டி வந்துள்ளது. மருந்தகங்கள் உடனே தேவைப் பட்டியல் அனுப்பவும்."

இரண்டு கைபேசியும் மேசைமேல் அருகருகே கிடந்தன. பூட்டும் உண்மை சொன்னது. துடுப்பும் உண்மை சொன்னது. ஒன்று மாலை போட்டுச் சொன்னது. ஒன்று செருப்பு வீசிச் சொன்னது. மாலையையும் செருப்பையும் எண்ணி எண்ணிச் சமமாக்கியவள், உண்மையையும் சமமாக இரண்டு முறை குப்பையில் கொட்டியிருந்தாள். அந்த நேர்த்தியை எண்ண எண்ண அவளுக்கு உடம்பு எரிந்தது.

ஆண்கள் இருவரும் அதற்குள் அடுத்த சுற்றுக்குப் போயிருந்தார்கள்.

"அந்தப் பதினொரு வரி ஜால்ரா எதுக்குய்யா? அதான் அந்தப் புள்ளை அழிச்சுது!"

"நீ பதினெட்டு வரி வசவு பாடினியே, அதை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவாங்களா?"

"வசவு இல்லய்யா, வரலாறு!"

"உங்க வரலாறு நாறினது ஊருக்கே..."

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" அவள் மேசையில் ஓங்கித் தட்டியதில் ஏழு முத்திரையும் குதித்தன. "டப்பாவுல அஞ்சு மாத்திரை இருக்கு. இன்னும் பதினொரு வீட்டுல எத்தனை இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. உங்க தலைவருங்க ரெண்டு பேருல ஒருத்தருக்காவது அந்தக் கணக்கு தெரியுமா? எனக்கும் புத்தி இல்லை, ஒத்துக்கிறேன். படிக்காம அழிச்சேன். ஆனா ஒரு சேதி சொல்ல உங்களுக்கு எதுக்குய்யா ஊர்வலம்? இந்தாங்க இண்டென்ட். கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. எட்டுப் பெட்டி குடுங்க!"

முத்திரையார் படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை விரல்வைத்துப் படித்தார். மூன்று முத்திரை குத்தினார். சாவியை எடுத்துக்கொண்டு அவரே எழுந்தார். பீரங்கி துண்டைத் தலையில் சுருட்டி வைத்து, இரண்டு இரண்டாக எட்டுப் பெட்டியையும் மருத்துவமனை வண்டியில் ஏற்றினார். கூலி என்ற பேச்சை எடுக்கவே அவர் விடவில்லை.

வண்டிக் கதவை மூடியதும் முத்திரையார் தொண்டையைச் செருமினார். "மேடம், என் பதிவைத் திருப்பிப் போட்டுடுவீங்களா? ஒரு கௌரவம்..."

"அவருதைப் போட்டா என்னுதையும் போடணும். இருபத்திரண்டு வரியும்!" என்றார் பீரங்கி.

அவள் அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். பின்பு கைபேசியை எடுத்தாள். பீரங்கியைக் குழுவில் மீண்டும் சேர்த்தாள். இருவரையும் நெறியாளர் ஆக்கினாள்.

"இனிமே அழிக்கிற வேலை உங்க ரெண்டு பேருக்கும்தான். ஆனா அண்ணே, நீங்க துடுப்புக்காரங்க எழுதினதை மட்டும்தான் நீக்கணும். சார், நீங்க பூட்டுக்காரங்க எழுதினதை மட்டும்தான். அடுத்த ஆள் பக்கம் கை வைக்கக் கூடாது. உள்ள மருந்துச் சேதி இருந்தா அதை எடுத்துத் தனியா போட்டுட்டுத்தான் அழிக்கணும்."

"எங்க ஆளுங்களை நானா?" பீரங்கியின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது.

"அது எப்படி மேடம் முறையாகும்?" என்றார் முத்திரையார்.

அவள் வண்டியில் ஏறிவிட்டாள்.

மூன்றரை மணிக்கு மூன்றாம் சாளரம் மீண்டும் திறந்தது. பதிவேட்டிலிருந்த பதினொரு வீட்டுக்கும் அவளே தொலைபேசியில் பேசினாள். அவர்களில் ஒருவர், கண் தெரியாத மகனுக்குத் தந்தை, நேற்றிரவே தீர்ந்துவிட்டது என்றார். பேருந்துக்கு நிற்காமல் நடந்தே வந்து வாங்கிப்போனார். தன் மகளுக்கான அட்டையை அவள் கடைசியாகத்தான் சீட்டெழுதி எடுத்துக்கொண்டாள்.

மாலை ஏழு மணி. கணவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மகள் தண்ணீர்க் குவளையோடு வந்து நின்றாள். அந்நேரம் கைபேசி அலறியது.

"தங்கச்சி!" பீரங்கியின் குரலில் குண்டும் இல்லை, மருந்தும் இல்லை. "ரெண்டு மணி நேரத்துல பதினேழு அழிச்சுட்டேன்ம்மா. எங்க ஆளுங்க இவ்வளவு கேவலமா எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பக்கம் முத்திரை இருபத்தஞ்சு அழிச்சிருக்கான். போன் பண்ணி அழுவுறான்ம்மா. அவங்க வட்டச் செயலாளரையே அழிச்சுட்டானாம்."

"நல்ல வேலைதான் அண்ணே."

"எங்க நல்ல வேலை? என் மச்சானோடதையும் தூக்கிட்டேன். இப்ப வாசல்ல வந்து நிக்கிறான். துரோகிங்கிறான். நான் என்ன செய்ய?"

"உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க. புள்ளைக்கு மாத்திரை குடுக்கிற நேரம், நான் வைக்கிறேன்."

"தங்கச்சி, ஒரு நிமிஷம்..."

அவள் தொடர்பைத் துண்டித்துக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அது மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஊர்ந்தது. அட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"முழுங்கு."